உதடும் குரலும் ஒத்துப்போக...

இறுதியாண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



கவிதை, துணுக்கு, விடுகதை எல்லாம் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். 'இங்கேயும் பாடமா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது பரீட்சைக்கு வராத பாடம். அரியர் விழாது. ஆனால் கையில் செல்போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் என்றைக்காவது ஒருநாள் தேவைப்படுகிற பாடம்.

இன்று நம் கல்லூரியில் படம் எடுக்காத பிரிவு எது? குறும்படம் எடுக்கிறோம். புராஜெக்ட் வேலை செய்வதைப் படம் பிடித்துக் காட்டுகிறோம். நம்மில் சிலர் முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ வேலைக்குப் போய் பஸ் பாஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் சம்பாதிக்கிறார்கள். படம் எல்லாருக்கும் நன்றாக வருகிறது. குரல்தான் வருவதில்லை. காற்று சத்தம், ஃபேன் சத்தம், பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி எல்லாம் தெளிவாகக் கேட்கும். பேசுகிறவர் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்!

இதற்கு மருந்து, ஒலியைத் தனியாகப் பதிவு செய்வது. தனியாகப் பதிவு செய்த ஒலியைப் படத்தோடு மறுபடி சேர்ப்பதற்கு 'சிங்க்' செய்வது என்று பெயர். அதை எப்படிச் செய்வது, அதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்க் என்பது கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கிற வேலை அல்ல. படம் எடுக்கிற இடத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிட வேண்டிய வேலை.

1. ஒலியை ஏன் தனியாகப் பதிய வேண்டும்?

திறந்த வெளியில், ஒலி வருகிற இடத்திலிருந்து நாம் தள்ளிப்போகும் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். பேசுகிறவரின் சட்டையில் குத்திய காலர் மைக், வாயிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. கேமராவோ 3.2 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். அது 16 மடங்கு தூரம். அதாவது நான்கு முறை இரண்டு மடங்கு. 4 × 6 = 24 டெசிபெல் குறைவு!

குரல் குறைந்ததும் கேமராவில் உள்ள தானியங்கி அளவுக் கட்டுப்பாடு என்ன செய்யும்? 'சத்தம் பத்தலையே' என்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிடும். குரலோடு ஃபேனும் ஏறும், தெருவும் ஏறும். அப்புறம் எந்த மென்பொருளாலும் அதை முழுசாகப் பிரிக்க முடியாது. அதனால் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் முதல் வைத்தியம்.

'விலை கூடுன ரெக்கார்டருக்கு எங்கே போறது?' என்று கேட்பீர்கள். ஏழைக்கேத்த எள்ளுருண்டை! நண்பரின் இன்னொரு செல்போனில் ஒலிப்பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, ஒயர் உள்ள காலர் மைக்கை மாட்டினால் அதுவே ரெக்கார்டர்.

2. கொஞ்சம் பழைய கதை

இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' 1931-இல் வந்தது. இயக்கியவர் அர்தேஷிர் இரானி. அதில் படமும் ஒலியும் ஒரே கேமராவில், ஒரே பிலிமில் பதிவாகின. ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. அதனால் ரயில் ஓடாத நடுராத்திரியில் படம் எடுத்தார்கள் என்பது பிரபலமான செய்தி. தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' வந்ததும் அதே 1931-இல்தான்.

பிறகு, படத்துக்கு ஒரு கருவி, ஒலிக்கு ஒரு கருவி என்று பிரித்துப் பதியும் முறை நிலைத்தது. கிளாப் போர்டு அடிப்பதைச் சினிமாவில் பார்த்திருப்போம். அது ஸ்டைலுக்காக அடிப்பது அல்ல. இரண்டு கருவிகளையும் பின்னால் சேர்ப்பதற்கான அடையாளம் அது.

போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த பொறியாளர் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி, 1951-இல் தோளில் தொங்கவிட்டுத் தூக்கிப் போகக்கூடிய 'நாக்ரா' டேப் ரெக்கார்டரை உருவாக்கினார். நாக்ரா என்றால் போலந்து மொழியில் 'பதிவு செய்யும்' என்று பொருள். டேப் இழுபடும், மோட்டார் வேகம் மாறும். அதனால் கேமரா மோட்டாரின் வேகத்தைச் சொல்லும் ஒரு துணை அலையையும் டேப்பிலேயே பதியும் முறை பின்னால் வந்த நாக்ராக்களில் இருந்தது. 'பைலட் டோன்' என்று அதைச் சொல்வார்கள். ஒலி எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டுப் படங்களில் நெடுங்காலம் டப்பிங் முறையே அதிகம். எடுத்த இடத்தில் பதிவாகும் குரல் வெறும் வழிகாட்டி. பிறகு ஸ்டுடியோவில் நின்று மறுபடி பேசுவார்கள். 2001-இல் வந்த 'லகான்' படத்தில் எடுத்த இடத்துக் குரலையே பயன்படுத்தினார்கள். அப்படி இடத்திலேயே ஒலிப்பதிவு செய்யும் வேலையில் தேர்ந்தவரான கேரளத்து ரசூல் பூக்குட்டி, 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக 2009-இல் இன்னும் இருவரோடு சேர்ந்து ஆஸ்கர் விருது வாங்கினார்.

சினிமா நடிகர் மறுபடி வந்து டப்பிங் பேசலாம். நாம் பேட்டி எடுக்கும் பெரியவர் மறுபடி அதே மாதிரி பேச மாட்டார். ஆகவே, நமக்கு டப்பிங் கிடையாது என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

3. இரண்டு கருவி, இரண்டு கடிகாரம்

கேமராவுக்கு உள்ளே ஒரு கிரிஸ்டல் ஆசிலேட்டர். ரெக்கார்டருக்கு உள்ளே இன்னொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. லேபில் இரண்டு சிக்னல் ஜெனரேட்டரை சி.ஆர்.ஓ.வின் இரண்டு சேனலில் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் 1 கிலோஹெர்ட்ஸ் வைத்தாலும் ஒரு அலை நிற்கும், இன்னொன்று மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால், கப்ளிங் போடாத இரண்டு ஷாஃப்ட். ஒரே வேகம் மாதிரி தெரியும், ஆனால் சேர்ந்து சுற்றாது.

ஆகவே, சிங்க் தப்புவது இரண்டு வகை.

முதலாவது, தொடக்க வித்தியாசம். கேமராவை ஒருவர் அழுத்துகிறார். ரெக்கார்டரை இன்னொருவர் அதற்கு முன்போ பின்போ அழுத்துகிறார். படம் முழுக்க ஒரே அளவு தள்ளி நிற்கும். இதைச் சரிசெய்வது சுலபம்.

இரண்டாவது, நகர்வு. ஆரம்பத்தில் கச்சிதமாக இருக்கும். போகப் போகக் குரல் உதட்டை விட்டு விலகும். நீளமான பேட்டியில் இதுதான் வில்லன்.

எவ்வளவு விலகினால் கண்ணுக்குத் தெரியும்? இந்தியாவில் வழக்கமான 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி செகண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லி செகண்டிலேயே தெரிந்துவிடும். ஒலி பிந்தினால் சுமார் 125 மில்லி செகண்டு வரை பெரும்பாலும் தெரியாது. ஏன் இந்தப் பாரபட்சம்? இயற்கையில் மின்னல் முதலில், இடி பிறகு. ஒலி பிந்துவது நமக்குப் பழக்கம். முந்துவது பழக்கமே இல்லை. சுருக்கமாக, முந்தினால் ஒரு ஃபிரேம், பிந்தினால் மூன்று ஃபிரேம். இதற்குள் நிறுத்த வேண்டும்.

4. படம் எடுக்கும் முன் வைக்க வேண்டியவை

அ) ஃபிரேம் எண்ணிக்கை: எல்லாக் கேமராவிலும் ஒரே எண் இருக்கட்டும். 25 என்றால் எல்லாவற்றிலும் 25. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்காது.

ஆ) செல்போன் எச்சரிக்கை: செல்போனில் உள்ள சாதாரண கேமரா, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஃபிரேம் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும். இப்படி எடுத்த படம் சில எடிட்டிங் மென்பொருளில் தாறுமாறாக நகரும். ஃபிரேம் எண்ணிக்கையை நாமே வைக்கும்படி உள்ள 'பிளாக்மேஜிக் கேமரா' போன்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

இ) ஒலி மாதிரி எண்ணிக்கை: ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். ஆடியோ சி.டி.க்கு 44.1, வீடியோவுக்கு 48. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 48,000 ÷ 25 = 1,920. ஒரு ஃபிரேமுக்கு மிச்சமில்லாமல் 1,920 மாதிரிகள். 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு சுமார் 17 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிகாபைட் ஆகும். மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

ஈ) அளவு: சத்தமாகப் பேசும்போது மீட்டர் −12-ஐ ஒட்டி நிற்கட்டும். 0-வைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். கிளிப்பர் சர்க்யூட்டில் பார்ப்போமே, அதேதான்! வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

உ) கேமரா மைக்கை அணைக்காதீர்கள்: 'தனி ரெக்கார்டர் இருக்கே, இது எதுக்கு?' என்று சிலர் அணைத்துவிடுகிறார்கள். அந்தக் கரகர ஒலிதான் பின்னால் மென்பொருளுக்கு வழிகாட்டி. அது இல்லாவிட்டால் அலையை அலையோடு ஒப்பிட வழியே இல்லை.

ஊ) செல்போன் ரெக்கார்டராக இருந்தால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் ஒரு போன் கால் வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

5. ஒரு கைதட்டலின் மதிப்பு

இரண்டு கருவியும் ஓடத் தொடங்கிய பிறகு, கேமராவுக்குத் தெரியும்படி கிளாப் போர்டை ஒருமுறை அடிக்க வேண்டும். கட்டை மூடுகிற கணம் படத்தில் ஒரே ஒரு ஃபிரேமில் தெரியும். ஒலியில் ஒரே ஒரு முள்ளாக நிற்கும். சி.ஆர்.ஓ.வுக்கு டிரிக்கர் எப்படியோ, சீரியல் கம்யூனிகேஷனுக்கு ஸ்டார்ட் பிட் எப்படியோ, அப்படியே இது.

போர்டு இல்லாவிட்டால் கை போதும். ஆனால் முறை இருக்கிறது. முதலில் ரெக்கார்டர், அடுத்து கேமரா. இரண்டும் ஓடுகிறதா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு, 'பேட்டி ஒன்று, டேக் இரண்டு' என்று சத்தமாகச் சொல்லுங்கள். இது ரெக்கார்டருக்கு. அதையே ஒரு அட்டையில் எழுதிக் காட்டுங்கள். இது கேமராவுக்கு. அப்புறம் பேசுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில், விரல் மறைக்காமல், கணீரென்று ஒரே ஒரு தட்டு. வரிசையாகத் தட்டினால் எது எது என்று குழம்பும். இரண்டு கேமரா இருந்தால் இரண்டிலும் தெரிகிற இடத்தில் தட்டுங்கள்.

முடியும்போதும் ஒரு தட்டு! தொடக்கத்தில் தட்ட முடியாமல் போனால், சினிமாக்காரர்கள் கடைசியில் போர்டைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். 'இது முடிவுக் கிளாப்' என்பதற்கு அடையாளம். நாம் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டையும் வைத்துக்கொள்வோம். காரணம் 8-ஆம் பகுதியில் வருகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. எல்லாரையும் 30 செகண்டு பேசாமல் இருக்கச் சொல்லி அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒலியை வெட்டும் இடத்தில் பள்ளம் விழாமல் ஒட்டுப்போட இது உதவும்.

6. குறிப்பேடும் கோப்பும்

கருவி தானாக வைக்கும் கோப்புப் பெயர் எண்களும் எழுத்துகளுமாக இருக்கும். பத்து டேக் எடுத்த பிறகு எது எதோடு சேரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒருவர் நோட்டில் இந்த ஐந்தையும் எழுதிக்கொண்டே வரட்டும்: டேக் எண், கேமராக் கோப்பு எண், ஒலிக் கோப்பு எண், நேரம், குறிப்பு. குறிப்பில் 'நடுவில் லாரி போனது', 'நன்று', 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும். இந்த நோட்டு இருந்தால், படம் எடுத்தவர் ஊருக்குப் போயிருந்தாலும் இன்னொருவர் உட்கார்ந்து எடிட் செய்யலாம்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஒரு பெரிய ஃபோல்டர், அதற்குள் 'கேமரா', 'ஒலி', 'எடிட்', 'முடிந்தது' என்று நான்கு. இரண்டு கேமரா என்றால் கேமரா 1, கேமரா 2 என்று பிரியுங்கள். இன்னொரு பிரதி வேறொரு டிரைவில், முடிந்தால் வேறொரு வீட்டில். இரண்டு பிரதியையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றுவதாக இருந்தால் எடிட்டிங் ஆரம்பிக்கும் முன்பே மாற்றுங்கள். பாதியில் மாற்றினால் மென்பொருள் 'கோப்பைக் காணோம்' என்று சிவப்புப் பலகை காட்டும்.

செல்போன் படத்தில் ஃபிரேம் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று 'மீடியா இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். மாறியிருந்தால் 'ஹேண்ட்பிரேக்' மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங்கில் சேருங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

7. கம்ப்யூட்டரில் சேர்க்கும் முறை

முதல் வேலை, புராஜெக்டின் ஃபிரேம் எண்ணிக்கையை 25 என்று வைப்பது. 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளில் கோப்புகளைச் சேர்த்துவிட்டால் பிறகு அதை மாற்ற விடாது.

கையால் சேர்க்கும் முறையை எல்லாரும் ஒருமுறை செய்து பழக வேண்டும்:

அ) படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கை சேர்ந்த முதல் ஃபிரேமில் அடையாளம் வையுங்கள். கை மங்கலாக நகரும் ஃபிரேம் அல்ல, சேர்ந்து நிற்கும் ஃபிரேம்.

ஆ) ஒலியின் அலை வடிவத்தைப் பெரிதாக்கி, முள் எழும் இடத்தில் அடையாளம் வையுங்கள். உச்சியில் அல்ல, அது கிளம்பும் இடத்தில்.

இ) இரண்டு அடையாளத்தையும் டைம்லைனில் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள்.

ஈ) கேமரா ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் சேர்த்து ஓட்டுங்கள். வித்தியாசம் இருந்தால் எதிரொலி மாதிரி கேட்கும். ஒத்துப்போனால் குரல் ஒன்றாகிவிடும்.

உ) சரியானதும் கேமரா ஒலியை ஊமையாக்குங்கள், அழிக்காதீர்கள். படத்தையும் புது ஒலியையும் இணைத்துப் பூட்டிவிட்டு, அதற்குப் பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

தானாகச் சேர்க்கும் வழியும் உண்டு. ரிசால்வில் 'ஆட்டோ சிங்க் ஆடியோ', பிரீமியரில் 'சிங்க்ரனைஸ்', இலவச மென்பொருளான 'கேடென்லைவ்'வில் 'செட் ஆடியோ ரெஃபரன்ஸ்', பிறகு 'அலைன் ஆடியோ டு ரெஃபரன்ஸ்'. இவை எல்லாம் கேமரா ஒலியின் அலையையும் ரெக்கார்டர் ஒலியின் அலையையும் ஒப்பிட்டு, எந்த இடத்தில் வைத்தால் அதிகம் பொருந்துகிறது என்று தேடுகின்றன.

ஆனால் மென்பொருள் சேர்த்தது என்பதற்காக அப்படியே நம்பக் கூடாது. வெயில் காலத்தில் காற்றில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 40 மில்லி செகண்டில் 14 மீட்டர். நம் ஆண்டு விழாவில் கேமரா மேடையிலிருந்து 28 மீட்டர் தள்ளி நின்றால், அதன் மைக்கில் குரல் இரண்டு ஃபிரேம் பிந்தியே விழும். அந்தப் பிந்திய ஒலிக்கு ஏற்ப ரெக்கார்டர் ஒலியைப் பொருத்தினால் அதுவும் இரண்டு ஃபிரேம் பிந்தும்! இப்படிப்பட்ட இடத்தில் கண்ணால் பார்த்த கிளாப்புக்குத்தான் மதிப்பு.

சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுத்துகளின் பிறப்பு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ப, ம இரண்டும் இரண்டு உதடும் சேர்ந்தால்தான் பிறக்கும். 'அப்பா', 'அம்மா', 'கம்மாய்' என்று பேச்சில் வரும் இடங்களைப் பாருங்கள். உதடு மூடுகிற ஃபிரேமிலேயே ஒலி அடைபட வேண்டும். மூடும் முன்பே அடைபட்டால் ஒலி முந்துகிறது, திறந்த பிறகும் அடைபட்டிருந்தால் பிந்துகிறது. தமிழ் இலக்கணம் எடிட்டிங்குக்கு உதவும் என்று யார் நினைத்தது!

8. நகர்ந்து போகும் குரலைப் பிடிப்பது

இதற்கு ஒரு நடந்த உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். எங்கள் அப்பத்தாவுக்குக் கைநாட்டுதான். ஆனால் எங்க ஊர் கம்மாயில் எந்த மடையைத் திறந்தா எந்த வயல் முதலில் நிறையும், யார் யார் முறை எத்தனை நாள், நடவுக்கு எத்தனை பேர் என்று எல்லாம் மனப்பாடம். எழுத்தில் ஒரு வரி கிடையாது. அதனால் ஒரு செல்போனில் படம், இன்னொரு செல்போனில் காலர் மைக் என்று வைத்து 40 நிமிடம் பேசச் சொன்னோம். தொடக்கத்தில் நான் கை தட்டியதும், 'எதுக்குடி தட்டுற, கொசுவா?' என்றார். முடிவிலும் தட்டினோம்.

கம்ப்யூட்டரில் முதல் தட்டைப் பொருத்தியாகிவிட்டது. கடைசித் தட்டைப் பார்த்தால் ஒலி மூன்று ஃபிரேம் பிந்தி நின்றது. 40 நிமிடம் என்பது 40 × 60 × 25 = 60,000 ஃபிரேம். அதில் 3 என்றால் 0.005 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. இரண்டு கிரிஸ்டலுக்கு நடுவில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. யார் மேலும் தப்பில்லை.

இதை எப்படிச் சரிசெய்வது? வேகத்தை மாற்றலாம். ஆனால் சில மென்பொருளில் சதவீதத்தை இரண்டு தசமம் வரைதான் கொடுக்க முடியும். 0.01 சதவீதம் கொடுத்தால் 6 ஃபிரேம் மாறி, இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வந்துவிடும். நாங்கள் செய்தது இன்னும் எளிய வழி. 40 நிமிடத்துக்கு 3 ஃபிரேம் என்றால் சுமார் 13 நிமிடத்துக்கு ஒன்று. ஆகவே 7, 20, 33 ஆகிய நிமிடங்களுக்குப் பக்கத்தில் அப்பத்தா மூச்சு வாங்கும் அமைதியான இடத்தைத் தேடி, ஒலியில் ஒரே ஒரு ஃபிரேம் அளவு வெட்டி எடுத்து மீதியை முன்னால் இழுத்தோம். இப்படிச் செய்தால் எந்த இடத்திலும் பிழை அரை ஃபிரேமை ஒட்டியே நிற்கும். 40 மில்லி செகண்டு அமைதி குறைந்தது யார் காதுக்கும் தெரியாது. ஒலி முந்தும் நகர்வாக இருந்தால், வெட்டுவதற்குப் பதில் அறையின் அமைதியிலிருந்து ஒரு ஃபிரேம் எடுத்து நடுவில் சேர்க்க வேண்டும்.

மூன்று ஃபிரேம்தானே, விட்டால் என்ன என்று கேட்கலாம். ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டும்போது உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போனால் முதலில் சிரிப்புதான் வரும். மொழிமாற்றுப் படம் மாதிரி இருக்கே என்பார்கள். மடைக்கணக்கை யார் கேட்பார்கள்? இப்போது அப்பத்தாவுக்குப் பேச்சு முன்போல் வருவதில்லை. அந்த 40 நிமிடம்தான் இருக்கிறது.

பெரிய படப்பிடிப்புகளில் 'டைம் கோடு' என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். மணி, நிமிடம், செகண்டு, ஃபிரேம் என்று ஓடும் ஒரே எண்ணை எல்லாக் கருவிக்கும் கொடுப்பார்கள். எண்ணைப் பார்த்தே சேர்த்துவிடலாம். ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கடிகாரம் வேறாக இருந்தால் நகர்வு வரும். அதனால் இரண்டுக்கும் ஒரே கடிகாரத் துடிப்பைக் கொடுப்பதும் உண்டு. கப்ளிங் போட்ட ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள

- எல்லாக் கருவியிலும் 25 ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ்.
- பேட்டரி, மெமரி கார்டு, ஃப்ளைட் மோடு பார்த்தாச்சா?
- ஹெட்ஃபோன் மாட்டி ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.
- கேமரா மைக் அணைக்கக் கூடாது.
- முதலிலும் முடிவிலும் ஒவ்வொரு கிளாப்.
- 30 செகண்டு அறை அமைதி.
- நோட்டில் ஐந்து குறிப்பு. அன்றைக்கே இரண்டு பிரதி.
- சேர்த்த பிறகு தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ப, ம சோதனை.

நண்பர்களே! இந்த எட்டையும் முடிக்க இடத்துக்கு வந்தபின் கால் மணி நேரம்கூட ஆகாது. விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் முன் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். சில சமயம் உட்கார்ந்தாலும் பலன் இருக்காது. கல்யாண வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கூலியைக் கூட்டும். ஃபுட்டேஜை ஒழுங்காக அடுக்கித் தரும் உதவியாளரை எந்த ஸ்டுடியோக்காரரும் விட மாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த லீவில் உங்கள் ஊருக்குப் போகும்போது குறும்படத்துக்குக் கதை தேடி அலையாதீர்கள். வீட்டுத் திண்ணையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். தறியோ, கடலோ, சூளையோ, ஏதோ ஒரு தொழிலின் முழுப் பாடமும் அவர் வாயில் இருக்கும். இரண்டு செல்போன், ஒரு காலர் மைக், ஒரு கைதட்டல் போதும். சந்தேகம் வந்தால் எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.